அவசர வழியை மங்கலாக்கிய கேமரா

“எதை மறைக்கறீங்கன்னு கேக்கறாங்க அம்மிணி.”

காதர் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினார். எங்கள் கம்பெனியின் ஆபீஸ் ரூம். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் என் வீட்டுக்காரரின் மூக்கு நுனியில் வியர்வை பூத்திருந்தது. மேசைமேல் வைத்த டீ மூன்றும் ஆடை கட்டிக்கொண்டிருந்தன.

போனில் வெளிநாட்டிலிருந்து வந்த மெயில். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அவர்கள் திட்டும்போதுதான் மரியாதை கூடும். படங்கள் அழகாக இருக்கின்றன, நன்றி. ஆனால் எல்லாப் படத்திலும் ஆட்களுக்குப் பின்னால் இருப்பதை ஏன் மங்கலாக்கியிருக்கிறீர்கள்? தீயணைப்புக் கருவி எங்கே? அவசர வழி எங்கே? எதையாவது மறைக்கிறீர்களா?

“நான் எதையும் மறைக்கலீங்க பாய். இந்தக் கேமராவே அப்படித்தானுங்க எடுக்கும்” என்றேன்.

“ஒண்ணும் தெரியாம எடுக்கறதுக்கா இத்தன பெரிய கேமரா?” என்றார் பாய்.

என் வீட்டுக்காரர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கேமராவைப் பார்த்தார். இரண்டில் எதைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று யோசிப்பதுபோல் இருந்தது.

ஊட்டுலயே ஆளிருக்குது

இந்தத் தொடரைப் பாதியில் பிடித்துப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் திருப்பூர் பக்கத்து நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறோம். அதாவது, என் வீட்டுக்காரர் செந்தில் நடத்துகிறார். மெயில் பார்ப்பது, சாம்பிள் அனுப்புவது, அவர் கோபத்தில் அடித்து வைக்கும் பதில்களை அனுப்பாமல் அழிப்பது ஆகியவை என் பொறுப்பு.

அதுவரை நாங்கள் ஜாப் ஒர்க்தான். பெரிய கம்பெனிக்காரர் துணியை ரோலாக அனுப்புவார். நாங்கள் வெட்டி, தைத்து, மடித்து, பாலித்தீன் கவரில் போட்டுத் திருப்பி அனுப்புவோம். அது அவர் பெயரில் கப்பல் ஏறும். நாங்கள் தைத்த பனியனை எந்த நாட்டில் எந்தப் பிள்ளை போட்டுக்கொண்டு மண்ணில் புரளுகிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

காதர் பாய் பையிங் ஏஜென்ட். வெளிநாட்டுக் கடைக்காரருக்கும் திருப்பூர்க் கம்பெனிக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவர் தொழில். அவர்தான் எங்களுக்கு முதன்முதலாக ஒரு நேரடி ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்தார். குழந்தைகளுக்கான டி-ஷர்ட், எங்கள் கம்பெனியின் சொந்தப் பெயரிலேயே ஏற்றுமதி. சாம்பிள் ஓகே ஆகிவிட்டது. மீதி இருந்தது ஒன்றே ஒன்றுதான். கம்பெனி பாதுகாப்பாக இருக்கிறது என்பதைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். படம் திருப்தியாக இருந்தால் ஆர்டர் எங்களுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் காத்திருக்கும் அடுத்த கம்பெனிக்கு.

என் வீட்டுக்காரர் இந்த ஆர்டருக்காகப் பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்கே பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிற மனிதர். ஆசை எவ்வளவு என்பதை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

படம் எடுக்க அவிநாசியிலிருந்து ஒரு ஆளை வரச் சொல்லலாமா என்று பாய் கேட்டார். “வெளியாளு எதுக்குங்க பாய், ஊட்டுலயே ஆளிருக்குது” என்று என்னைக் கைகாட்டியவர் என் வீட்டுக்காரர்தான். இதை நான் பிற்பாடு பலமுறை அவருக்கு நினைவுபடுத்தியிருக்கிறேன்.

கோழி நல்லா எடை வந்திருக்குதே

எனக்குப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்தது பல்லடத்தில், என் தம்பியின் கோழிப்பண்ணையில். அப்போது என்னிடம் இருந்தது சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சின்ன கேமரா. தம்பி குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற நேரம் பார்த்து அமுக்கினேன்.

படத்தில் குழந்தையின் அழுகை தெளிவாக வந்திருந்தது. மாமனின் வாயில் இருந்த வெற்றிலையும் தெளிவு. பின்னால் கம்பி வலைக்குள் நின்ற கோழிகளும் தெளிவு. அதற்கும் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த உள்பாவாடைகளும் அவற்றின் நாடா முடிச்சு உட்பட அத்தனை தெளிவு. ஆல்பத்தைப் பார்த்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூடக் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. “கோழி நல்லா எடை வந்திருக்குதே” என்றார்கள்.

அன்றிலிருந்து பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோன படங்கள்மேல் எனக்கு ஒரு ஏக்கம். கல்யாண ஆல்பங்களில் பார்த்திருப்பீர்கள். பொண்ணின் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். பின்னால் சீரியல் லைட்டெல்லாம் வட்ட வட்டமாக, பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசிபோல் இருக்கும். அப்படி ஒரு படமாவது எடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று இருந்தேன்.

அதற்கு ஃபுல் ஃப்ரேம் கேமரா வேண்டும் என்றார் கேமராக் கடைக்காரர். கேமராவுக்குள் வெளிச்சம் வந்து விழுகிற தகட்டுக்குச் சென்சார் என்று பெயர். போனில் அது சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் பெரிய தபால்தலை அளவு. சென்சார் பெரிதானால் பின்புலம் கரையும் என்று அவர் சொன்னார். அதற்குமேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் கேட்கவில்லை. வேண்டியது காதில் விழுந்துவிட்டால் மீதியைக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

“கம்பெனி சாம்பிள் எடுக்க உதவும்” என்று வீட்டில் சொல்லி வாங்கினேன். சாம்பிள் பனியனையும் எடுக்கத்தான் செய்தேன். காலரின் தையல் தெளிவாக இருக்கும். நெஞ்சில் இருக்கிற பிரிண்ட் ஆவி மாதிரி இருக்கும்.

சரசு அக்கா பவுடர் போட்டாள்

கம்பெனியைப் படமெடுத்தது ஆயுத பூஜை முடிந்த கையோடு. யாரை முன்னால் நிறுத்துவது என்ற கேள்விக்கே இடமில்லை. சரசு அக்காதான்.

சரசு அக்கா எங்கள் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மிஷின் அவளுடையது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேர்விட்டவள். வாய்க்கும் கைக்கும் போட்டி வைத்தால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. துணி ரோலைத் தூக்க ஆண்பிள்ளைகள் ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது, தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள்.

“என்னையவா எடுக்கப் போறீங்க? இருங்கக்கா, மூஞ்சியக் கழுவிட்டு வாறேன்” என்று போனவள், கழுத்துவரை பவுடருடன் திரும்பி வந்தாள். ரொம்ப நேரம் சிரிக்காமல் இருந்தாள், பிறகு மறந்துபோய்ச் சிரித்துவிட்டாள். லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து, பக்கத்தில் போய் நின்று எடுத்தேன்.

அடடா, என்ன படம்! இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். மூக்குத்தி மின்னியது. காதுக்குமேல் போனால் லேசாகக் கரைய ஆரம்பித்து, தோளுக்குப் பின்னால் உலகமே வெண்ணெயாக உருகியிருந்தது. தூரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு, பச்சையாக ஒரு தீற்றல். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்தச் சிவப்புப் பொட்டுதான் தீயணைப்புக் கருவி. அந்தப் பச்சைத் தீற்றல்தான் அவசர வழியின் போர்டு. அவற்றைக் காட்டத்தான் படமே கேட்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்கு மெயில் வந்த பிறகுதான் உறைத்தது.

போன் போட்டுக்கொடுத்தது

“பேசாம போன்ல எடுங்க அம்மிணி. போனுக்கு ஒளிவுமறைவு தெரியாது” என்றார் பாய்.

அன்று மத்தியானமே போனில் எடுத்தேன். அதன் நகத்தளவு சென்சாருக்கு எல்லாமே தெளிவு. முன்னால் இருக்கும் ஊசியிலிருந்து கடைசிச் சுவரில் ஊர்ந்த பல்லிவரை ஒரே சீராக வந்திருந்தது. மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினோம்.

“இதென்ன செந்திலு, ஃபயர் சிலிண்டருக்குப் பொட்டு வெச்சிருக்குது?” என்றார் பாய்.

திருப்பூரில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வாங்காத இரும்பு கிடையாது. தையல் மிஷின், கத்திரி, எடை போடும் மிஷின், ஜெனரேட்டர், ஆபீஸ் கம்ப்யூட்டரின் நெற்றி என்று எதையும் விடமாட்டோம். தீயணைப்புக் கருவிக்கும் மூன்று பட்டைச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. சாமி மாதிரிதான் இருந்தது. ஆனால் காலாவதித் தேதி எழுதியிருந்த இடத்தில்தான் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது.

பாய் இன்னும் பெரிதாக்கினார். அவசர வழிக் கதவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தோம். அது காய்ந்து, கதவின்மேலேயே சாய்ந்து கிடந்தது.

“சரி, அது போகட்டும். கதவுக்கு முன்னால குறுக்க நிக்கறது யாரு வண்டி?”

கேட்கவே வேண்டியதில்லை. ஒரு பழைய மொபெட், ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு, சீட்டின்மேல் சாக்கு. என் மாமனாருடையது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய கேமராவில் எதையும் மறைக்காமலே எல்லாவற்றையும் மறைத்திருக்கிறேன். மெயில் எழுதியவர்மேல் அதுவரை எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

தீப்புடிக்கற அன்னைக்குச் சொல்லு

கம்பெனி நிற்கும் இடம் என் மாமனாரின் காடு, அதாவது அவர் விவசாயம் பார்த்த நிலம். அதனால் கம்பெனிக்குள் எது எங்கே நிற்க வேண்டும் என்பதில் கடைசி வார்த்தை அவருடையது. காலையில் வருவார், மொபெட்டை ஓட்டியபடியே உள்ளே நுழைவார், அவசர வழிக் கதவுக்கு முன்னால் நிறுத்துவார், நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். மிஷின் ஓடும் இடத்தில் இவர் மட்டும் வெளியூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருப்பார்.

“மாமா, வண்டிய அங்க நிறுத்தக் கூடாதுங். தீப்புடிச்சா எல்லாரும் அது வழியாத்தான் ஓடோணும்” என்றேன்.

“வெளிய நிறுத்துனா சீட்டு கொதிக்குது சாமி. உக்கார முடியறதில்ல. தீப்புடிக்கற அன்னைக்குச் சொல்லு, எடுத்துக்கறேன்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் அப்பாவைப் பார்த்தார்.

“சரிங்ப்பா” என்றார்.

இதுதான் அவர் பிரச்சினை. வெளியில் யாரையும் ஒரு கை பார்ப்பார். சாம்பிள் துணிக்குச் சாயம் போடும் டையிங்காரரிடம் கலர் மாறிவிட்டதென்று அவர் போடும் சண்டை தெருவே கேட்கும். அப்பா முன்னால் நின்றால் மட்டும் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை “சரிங்ப்பா”. எங்கள் கல்யாணத் தேதியும் அப்படித்தான் முடிவானது. சமையல்கட்டு எந்தப் பக்கம், பிள்ளைக்கு என்ன பெயர், எல்லாம் அப்படித்தான். நானே ஒரு “சரிங்ப்பா”வில் வந்தவள்தான் என்பதால் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தீயணைப்புக் கருவியின் பொட்டை மட்டும் என் வீட்டுக்காரரே ஈரத்துணி வைத்துத் துடைத்தார், குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிற பக்குவத்தில். காலாவதி ஆகவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாயங்காலம் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏம்புள்ள, மொதல்ல எடுத்தியே, அந்த மாதிரி... அந்தக் கதவு மட்டும் கொஞ்சம் மங்கலா வராதா?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையில் எதற்காகக் கேமராவை முறைத்தாரோ, அதையே இப்போது கேட்டு வந்து நிற்கிறார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

“வருமுங். நல்லாவே வரும். படத்துல மங்கலாயிரும், தீப்புடிச்சா வண்டி மங்கலாகுமுங்களா? சரசு அக்கா எங்க போவா?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு வரிசை நூல் கோன்

பாய் எப்படியோ பேசிக் கடைசியாக ஒரு வாய்ப்பு வாங்கி வந்தார். தீ ஒத்திகை நடத்த வேண்டும். மணி அடித்ததும் எல்லோரும் அவசர வழியாக வெளியேற வேண்டும். முன்னால் இருக்கிற மிஷினிலிருந்து கடைசிக் கதவுவரை ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

போனில் எடுத்துப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிறவர்கள் எல்லோரும் கால் இல்லாத புகையாக வந்தார்கள். சின்ன சென்சாருக்கு எல்லாம் தெளிவாக வருவதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் அது தடுமாறும். ஆக, பெரியதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

தையல் நூல் சுற்றிய கோன்களைக் கொண்டுவந்து கட்டிங் டேபிளில் நீளமாக வரிசை கட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக. நடுக் கோனை ஃபோகஸ் பண்ணி மாற்றி மாற்றி எடுத்தேன். வேலை நடக்கிற நேரத்தில் முதலாளியம்மா நூலோடு விளையாடுவதைப் பார்த்து ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான், கடைக்காரர் சொல்லி நான் கேட்காமல் விட்ட மீதி என்னவென்று புரிந்தது. சென்சார் தானாக எதையும் கரைப்பதில்லை. அகலமான துணி நிறைய ஒரு பூ வர வேண்டுமென்றால் பூவைப் பெரிதாக்கித்தானே பிரிண்ட் போட வேண்டும்? அதுபோல், பெரிய சென்சார் நிறைய ஒரு முகம் வர வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அல்லது நீள லென்ஸ் போட்டு இழுக்க வேண்டும். அப்படிக் கிட்டே போவதும் இழுப்பதும்தான் பின்னால் இருப்பதைக் கரைக்கிறது. போனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதன் லென்ஸ் அரிசி நீளம், எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும்.

எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை தெளிவாகத் தெரியும் என்பதற்கு டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்று பெயர். அதைப் பெரிய கேமராவிலும் நீட்டலாம். அகன்ற லென்ஸைப் போட்டு, தள்ளி நின்று, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினேன். துவாரத்தின் அளவு எஃப் பதினொன்றுக்கு வந்ததும் முதல் கோனும் தெளிவு, கடைசிக் கோனும் தெளிவு. எனக்கு எழுந்து குதிக்கலாம்போல் இருந்தது.

துவாரத்தைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும். அதைச் சமாளிக்க முதலில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கியபடி, கையை வீசியபடி, மொத்தக் கம்பெனியும் திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடம் மாதிரி நின்றது.

“அம்மிணி, தீப்புடிக்கையில இப்படி நின்னா சோலி முடிஞ்சுது” என்றார் பாய்.

சரி என்று கேமராவின் வெளிச்ச உணர்வை, ஐஎஸ்ஓ என்பார்கள், தைரியமாக ஏற்றினேன். படத்தில் கொஞ்சம் ரவை தூவினமாதிரி இருந்தது. ஆனால் ஓடுகிற கால் ஓடுகிற காலாகவே வந்தது. தபால்தலை அளவு சென்சாருக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன்.

மணி அடித்தது

ஒத்திகை அன்று காலையில் வாழைக்கன்றுகளை அவிழ்த்தாகிவிட்டது. “இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்ங்ப்பா” என்று என் வீட்டுக்காரர் கெஞ்சியதில் மொபெட்டும் வெளியே போனது. வழி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. நான் இந்தக் கோடியில் ஒரு மேசைமேல் ஏறி நின்று கேமராவின் திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லோர் கண்ணும் என்மேல். அந்த நேரத்தில்தான் வெளியே வெயில் ஏறியிருக்கிறது. மாமனார் போய்ச் சீட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். யாருக்கும் தொந்தரவு தராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, தன் பழைய இடத்தில் நிறுத்தி, சாக்கையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பாய் மணியை அமுக்கினார்.

நிஜத் தீ என்றே நினைத்து ஓடுங்கள் என்று நான் சொன்னதை அவர்கள் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மிஷின்கள் நின்றன. ஸ்டூல்கள் சாய்ந்தன. எல்லோரும் நிஜமாகவே ஓடினார்கள், முன்னால் சரசு அக்கா. கதவை நெருங்கிய பிறகுதான் மொபெட்டைப் பார்த்தாள். ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“ஏய், ஆளுக்கொரு பக்கம் பிடிங்கடீ! அங்கிட்டுத் தூக்கு!”

இரண்டு பெண்கள் முன்சக்கரத்தைப் பிடித்தார்கள். செக்கிங் டேபிளில் நிற்கும் பீகார்க்காரர் ஒருவர் “ஜல்தி, ஜல்தி” என்றபடி பின்சக்கரத்தைப் பிடித்தார். சரசு அக்கா நடுவில் தோள் கொடுத்தாள். சாமி சப்பரம் புறப்படுவதுபோல் மொபெட் தரையை விட்டுக் கிளம்பியது.

“அடே! என்ற வண்டி! என்ற வண்டி!”

டீ கிளாஸுடன் மாமனார் ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நான் பட்டனை அமுக்கினேன்.

அந்தப் படத்தில் எல்லாமே தெளிவாக இருந்தது. முன்மிஷினின் ஊசி, பொட்டு கலைந்த தீயணைப்புக் கருவி, ஆகாயத்தில் மொபெட், கிளாஸிலிருந்து துள்ளிய டீ, பச்சைப் போர்டு. ஓரத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரும் தெளிவு. யாரையும் எதையும் கேமரா விட்டுவைக்கவில்லை.

“மறுக்கா எடுத்தரலாம்” என்றார் பாய். எடுத்தோம். வழியைச் சுத்தமாக்கி, மறுபடி மணி அடித்தோம். இந்த முறை எல்லோரும் சேலையைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, கல்யாணப் பந்திக்குப் போகிறமாதிரி நடந்து போனார்கள். பின்னால் ஒருத்தி கையை வேறு ஆட்டினாள்.

இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் எல்லாம் ஒழுங்கு, ஆனால் பொய். இன்னொன்றில் ஒழுங்கு எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரசு அக்காவின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நிஜமாகவே பயந்து ஓடுகிறவளின் முகம் அது.

“இதையே அனுப்பு” என்றார்.

“ஏனுங், மொபெட்டு தெரியுதுங்.”

“தெரியட்டும். வழியில வண்டி நின்னுச்சு, எங்க ஆளுங்க தூக்கிட்டாங்க, இனி நிக்காதுன்னு எழுது.”

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு இறக்கினார். “ஆண்டவன் உட்ட வழி” என்று எழுந்து போய்விட்டார்.

வெறுந்தரை

பதில் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. வந்தது, சின்னதாக. மற்ற கம்பெனிகள் அனுப்பும் ஒத்திகைப் படங்களில் எல்லோரும் நடந்துதான் போகிறார்கள். உங்கள் ஆட்கள் நிஜமாகவே ஓடியிருக்கிறார்கள், அதனால் நம்புகிறோம். அந்த வழி காலியாக இருக்கிற படம் ஒன்று அனுப்புங்கள்.

காலி வழியைப் படமெடுத்தேன். திறந்த கதவு, வெறுந்தரை, வெளியே வெயில். மாமனார் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

“இத்தன பெரிய கேமராவ வெச்சுக்கிட்டு ஒண்ணுமில்லாததையா படம் புடிக்கற கண்ணு?”

அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் ஆர்டர் வந்தது.

பாய் ஜாங்கிரி டப்பாவோடு வந்தார். ஆபீஸ் ரூமில் எல்லோரும் கூடிவிட்டார்கள். சரசு அக்கா வாசலில் நின்றபடி தன் பங்கை வாங்கிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அந்த மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எனக்கும்தான்.

மாமனார் ஜாங்கிரியைப் பாதி கடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“ஆர்டருதான் வந்துருச்சல்லோ கண்ணு. இனி வண்டியப் பழையபடி அங்கயே நிறுத்திக்கறேன்.”

பாய் கூரையைப் பார்த்தார். சரசு அக்கா வாயிலிருந்ததை மெல்லாமல் நின்றாள். என் வீட்டுக்காரரின் மூக்கு நுனி மறுபடி வியர்த்தது. அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“இல்லீங்ப்பா.”

சொன்னது என் வீட்டுக்காரர்தான். அதோடு நிறுத்தவும் இல்லை. “அங்க இனி ஒண்ணும் நிக்கக் கூடாதுங்ப்பா. வெளிய தகரம் போட்டு நெழலு பண்ணித் தர்றேனுங். அங்க நிறுத்திக்குங்க.”

மாமனார் மகனை உற்றுப் பார்த்தார். இந்த ஆளை இதற்கு முன் எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்பதுபோல் பார்த்தார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக எனக்கு அப்படி ஒரு பெருமை.

“சரி சாமி” என்றார் மாமனார். மீதி ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.